பழைய மைப்பேனாவுக்கு ரப்பர் பை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனா பழுது பார்ப்பது எனக்குத் தொழில் இல்லை, பல வருடப் பழக்கம். தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் பழைய பேனாவோடு வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பகுதி, பக்கவாட்டில் நெம்புகோல் உள்ள லீவர் பேனாக்களைப் பற்றியது, ஏனென்றால் வீட்டில் தைரியமாகத் திறக்கக்கூடியவை அவைதான். மற்ற வகைகள் பின்பாதியில் வருகின்றன.

தாத்தா பேனா ஒண்ணு பீரோவுல கிடைச்சுது. மை ஏறவே மாட்டேங்குது. அவ்வளவுதானா, செத்துப்போச்சா?

பேனா சாகவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பைதான் போயிருக்கிறது. லீவரைத் தூக்கும்போது ஒரு உலோகப் பட்டை அந்தப் பையை நசுக்கிக் காற்றை வெளியேற்றுகிறது. லீவரை விட்டதும் பை பழைய உருவத்துக்கு விரிகிறது, மை உள்ளே ஏறுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் மேடிசன் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்த வால்டர் ஷீஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

ரப்பர் பத்து இருபது வருடத்தில் கெட்டுப்போகும் என்பது இந்தப் பேனாக்களைச் செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் திரும்பத் திறக்க முடிகிற மாதிரி செய்தார்கள். நீங்களும் அதே மாதிரி மூட வேண்டும், உங்களுக்குப் பிறகு இன்னொருவர் திறக்கலாம். கீழே நான் சொல்லும் பல “வேண்டாம்”களுக்குக் காரணம் இதுதான்.

என் பேனா எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

உடம்பில் பக்கவாட்டில் நீளமான உலோக நெம்புகோல் இருந்தால் லீவர் வகை. வால்பக்க மூடியைக் கழற்றியதும் ஒரு பொத்தான் தெரிந்தால் பட்டன் வகை அல்லது வாக்குமேட்டிக் (பை இல்லாமல் ரப்பர்ச் சவ்வால் மை இழுப்பது). பொத்தான் குட்டையாக, வெறும் உலோகமாக இருந்து, உடம்புக்குள் எட்டிப் பார்த்தால் பட்டை தெரிகிறதென்றால் அது பட்டன் வகை. வால்பக்கக் குமிழைத் திருகும்போது உள்ளே ஏதோ மேலும் கீழும் போனால் பிஸ்டன். உடம்பைக் கழற்றியதும் பையைச் சுற்றி உலோக உறை இருந்தால் ஏரோமெட்ரிக். ஹீரோ 616 வைத்திருந்தவர்களுக்கு இது பழகிய அமைப்பு. உள்ளே எதுவுமே இல்லாமல் வெறும் குழாயாக இருந்தால் ஃபில்லரால் மை ஊற்றும் பேனா. அதில் மாற்றுவதற்குப் பையே கிடையாது.

லீவர் பாதியிலேயே நிக்குது. கொஞ்சம் பலமா இழுத்துப் பார்க்கவா?

இழுக்காதீர்கள். பை காய்ந்து கல்லாகிவிட்டால் பட்டைக்கு இறங்க இடம் இருக்காது. பலத்தைக் கூட்டினால் லீவர் வளையும், அல்லது அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி உடம்பின் ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும். ஒரு சின்ன ரப்பர் பையோடு போகவேண்டிய பழுதில் உடம்பே போய்விடும். லீவரை அப்படியே விட்டுவிட்டு, நிப்பைப் பிடித்திருக்கும் கழுத்துப் பக்கம் வாருங்கள்.

என்னென்ன சாமான் வேணும்?

புது ரப்பர் பை, கொஞ்சம் ஷெல்லாக் (அரக்குப் பிசின்), வாசனை சேர்க்காத டால்க் பவுடர், ஹேர் டிரையர், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய இரண்டு துண்டுகள், துடைப்ப ஈர்க்கு அல்லது மூங்கில் குச்சி, கூர்மையான கத்தரிக்கோல். டியூப் துண்டுகள் பிடிமானத்துக்கு. வெறும் பிளையரைப் பேனாவின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, அதன் பல்தடம் என்றைக்கும் போகாது.

கழுத்தைக் கழற்றவே முடியலை. என்ன செய்யறது?

நிப்பைப் பிடித்திருக்கும் கறுப்புப் பகுதியைத்தான் கழுத்து என்கிறேன். பெரும்பாலான லீவர் பேனாக்களில் இது திருகு இல்லாமல் உடம்புக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். பல வருட மையும் பழைய பிசினும் சேர்ந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் மட்டும் காற்று படும்படி பேனாவை விடாமல் உருட்டுங்கள். அடிக்கடி அந்த இடத்தை உதட்டில் அல்லது உள்மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். குழந்தைக்குக் கொடுக்கும் பாலின் சூட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். தொட முடியாத சூடு வரவே கூடாது.

பிறகு இரு கைகளிலும் டியூப் துண்டை வைத்துப் பிடித்து, லேசாக இடமும் வலமும் அசைத்தபடி நேராக இழுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது கழுத்து மெல்ல வெளியே வந்தால் அது திருகு. சுற்றுகிறது, ஆனால் வரவில்லை என்றால் செருகல். கழுத்தை மேலும் கீழும் வளைத்து ஆட்டினால் உடம்பின் வாய் விரிசல் விடும். முதல் முறை வராவிட்டால் ஆறவிட்டு மறுபடி சூடாக்குங்கள். ஆறேழு முறை திரும்பத் திரும்பச் செய்து, மறுநாள் காலையில் தானாக வழுக்கிக்கொண்டு வந்த பேனாக்கள் எனக்கு நிறைய உண்டு.

கேஸ் அடுப்பு, மெழுகுவத்தியில காட்டினா சீக்கிரம் வருமே?

வரும், தீயும் பிடிக்கும். 1920களிலிருந்து 1940கள் வரை வந்த பளபளப்பான வண்ணப் பேனாக்கள் பலவும் செல்லுலாய்டால் ஆனவை. செல்லுலாய்டு நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் கலந்த பொருள். அந்தக் காலத்துச் சினிமாச் சுருள்கள் கொட்டகையோடு எரிந்ததும் இதே நைட்ரேட்டால்தான். சுடர் எந்த வடிவிலும் வேண்டாம்.

செல்லுலாய்டா, எபோனைட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மூக்கு போதும். கட்டை விரலால் உடம்பை வேகமாகத் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்து பாருங்கள். கோயில் நினைவுக்கு வந்தால், அதாவது கற்பூர வாசனை அடித்தால், செல்லுலாய்டு. ரப்பரும் கந்தகமும் கலந்த வாடை வந்தால் எபோனைட். எபோனைட் என்பது நிறையக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். நம் திருவள்ளூரில் இன்றும் கையால் கடைந்து பேனா செய்யும் பொருள் அதுதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கேசின். பாலின் புரதத்திலிருந்து செய்தது. சில பழைய ஆங்கிலேயப் பேனாக்களில் அழகழகான வண்ணங்களில் இருக்கும். தண்ணீரில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். சந்தேகம் இருந்தால் உடம்பைத் தண்ணீரில் போடாமல் இருப்பதே நல்லது.

சுடுதண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போட்டா கழுத்து கழண்டுடும்னு சொன்னாங்களே?

நானும் ஆரம்பத்தில் இதைச் செய்தேன். கரிய எபோனைட் பேனா ஒன்றைக் கொதி ஆறிய வெந்நீரில் போட்டு மறந்துவிட்டேன். காலையில் எடுத்தால் சேற்று நிறம். உடம்பில் அழகாகப் பொறித்திருந்த அலைக் கோடுகளும் மங்கிப்போயின. அந்தப் பேனாவை இன்றும் வைத்திருக்கிறேன், வருபவர்களுக்குக் காட்டுவதற்காக. வெளிச்சமும் காற்றும் பட்டு எபோனைட்டின் மேற்பரப்பு ஏற்கெனவே மாறியிருக்கும், வெந்நீர் அதை ஒரே இரவில் வெளிக்கொண்டுவந்துவிடும். பிறகு மெருகேற்றினால் கறுப்பு திரும்பும், ஆனால் பொறிப்பு தேய்ந்து போகும்.

நிப்பையும் அதன் அடியில் இருக்கும் கட்டையையும் சுத்தம் செய்யத்தான் தண்ணீர். அதற்கும் பச்சைத்தண்ணீர் போதும், நிப்பு முங்கும் அளவுக்கு மட்டும், மணிக்கணக்கில் இல்லை.

பழைய ரப்பர் உள்ளே தார் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. எப்படி எடுக்கறது?

ரப்பர் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று காய்ந்து அப்பளமாக நொறுங்கும். அது சுலபம், தட்டினாலே கொட்டிவிடும். மற்றது இளகிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஈர்க்கில் பஞ்சு சுற்றித் துடையுங்கள், போகாவிட்டால் இரண்டு நாள் திறந்தே வைத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். ஸ்பிரிட்டும் தின்னரும் உடம்புக்குள் ஊற்றக் கூடாது, செல்லுலாய்டு கரையும். கழுத்தின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்முனையில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரையும் நகத்தால், மூங்கில் குச்சியால் முழுக்க எடுத்துவிடுங்கள். கத்தி வேண்டாம். அங்கே கீறல் விழுந்தால் பிறகு அதன் வழியாக மை கசியும்.

எந்த அளவு பை வாங்கணும்? கடையில நம்பர் கேக்கறாங்க.

நம்பர் என்பது பையின் வெளி விட்டம், ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிய கணக்கில். 16ஆம் நம்பர் என்றால் 16/64, அதாவது கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர். 18ஆம் நம்பர் சுமார் 7.1 மில்லிமீட்டர். எஸ்டர்புரூக் ஜே பேனாவுக்கு 16. பேனாவின் பெயர் தெரியாவிட்டால் உடம்பின் உள்விட்டத்தை அளந்து, அதற்குள் தாராளமாகப் போய்வரும் பெரிய அளவைத் தேர்ந்தெடுங்கள். உரசும் பை விரியாது. உள்ளே பட்டைக்கும் இடம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

நீளம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். கழுத்தை உடம்பின் வெளியே, மூடும்போது இருக்கும் நிலையில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பையின் அடிமுனை உடம்பின் உட்கோடியைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அந்தக் கணக்கில் வாய்ப்பக்கத்தை ஒரே வெட்டாக, நேராக வெட்டுங்கள்.

ஷெல்லாக் எதுக்கு? ஒரு சொட்டு ஃபெவிக்விக் போட்டா முடிஞ்சுதே?

முடிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. அந்த வகைப் பசை ஒட்டினால் பிரிக்க முடியாது. அடுத்த முறை பை மாற்றும்போது கழுத்தின் குழாய்முனை உடைந்து கையோடு வரும். என்னிடம் வந்ததில் நிஜமாகவே காப்பாற்ற முடியாத பேனாக்கள் சிலதான், அவற்றில் பாதி இப்படிப் பசை போட்டவை. ரப்பரும் அந்தப் பசை பட்ட இடத்தில் விறைத்து வெடிக்கும்.

ஷெல்லாக் நம் ஊர் அரக்கிலிருந்து வருவது. புரசு, இலந்தை மரக் கொப்புகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். இந்தியாவிலிருந்து போய்த்தான் மேலைநாட்டுப் பேனாத் தொழிற்சாலைகளிலும் பை ஒட்டியது. மை அதைக் கரைக்காது, மிதமான சூடு இளக்கும். இந்த வேலைக்கு வேறென்ன வேண்டும்? மரச்சாமான் பாலிஷ் போடுபவர்களிடம் தகடு தகடாகக் கிடைக்கும். அவர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டில் தேன் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வரிசையாச் சொல்லுங்க. எதுக்கப்புறம் எது?

குழாய்முனையைச் சுற்றி மெல்லிய பூச்சாக ஷெல்லாக் தடவுங்கள். துளை வாயில் படக் கூடாது. ஒரு நிமிடம் விட்டுப் பிசுபிசுப்பு வந்ததும் பையின் வாயை இரு கை விரல்களாலும் விரித்து மாட்டுங்கள். தலையணை உறை போடுவது மாதிரி ஒரு பக்கம் மாட்டி மறுபக்கத்தை இழுத்துவிட்டால் வரும். முறுக்கு இல்லாமல் நேராக இருக்கிறதா என்று நிப்புப் பக்கத்திலிருந்து பாருங்கள். முறுக்கிய பை பாதிதான் மை எடுக்கும்.

ஓர் இரவு காயட்டும். காலையில் பையின் வெளிப்புறம் முழுக்க டால்க் பவுடர் பூசி, அதிகப்படியை ஊதிவிட்டு, கழுத்தை மெல்ல உடம்புக்குள் செலுத்துங்கள். நிப்பின் முகம் லீவர் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், பழைய வழக்கம் அது. கழுத்தை உடம்பில் ஒட்டப் பசை எதுவும் வேண்டாம். தளர்வாக இருந்தால் மட்டும் ஷெல்லாக்கை ஒரு கோடு தடவலாம்.

உள்ளே இருந்த ஸ்பிரிங் பட்டை துருப்பிடிச்சு ரெண்டா வந்துடுச்சு.

இதுவும் மாற்றக்கூடியதுதான். ஆங்கில ஜே எழுத்து மாதிரி வளைந்த பட்டை, பை விற்பவர்களிடமே கிடைக்கும். வளைந்த குட்டைக் கால் உடம்பின் சுவரோடு ஒட்டி, நீளமான தட்டைக் கால் லீவருக்கும் பைக்கும் நடுவில் வரவேண்டும். பை போடுவதற்கு முன் பட்டையை வைத்து லீவரை இரண்டு முறை தூக்கிப் பாருங்கள். சுருக்கென்று திரும்பி மூடினால் இடம் சரி. நீளம் அதிகமாக இருந்தால் கழுத்து முழுக்க உள்ளே போகாது, முனையை வெட்டி அரம் போட்டு மழுங்கச் செய்யுங்கள், இல்லையென்றால் அதுவே பையைக் கிழிக்கும்.

எல்லாம் பண்ணிட்டேன். ஆனா நாலு வரி எழுதினதும் மை தீர்ந்துடுது.

முதலில் மை நிரப்பும் விதத்தைப் பாருங்கள். நிப்பு முழுவதும் மூழ்கி, கழுத்தின் நுனியும் மையில் இருக்க வேண்டும். லீவரை மூடியதும் உடனே வெளியே எடுக்கிறவர்கள்தான் அதிகம். பத்து வரை எண்ணுங்கள், பை மெதுவாகத்தான் விரியும். தண்ணீரில் ஒத்திகை பார்த்து, ஏறியதைக் கண்ணாடித் தம்ளரில் திரும்ப இறக்கிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

அப்போதும் குறைவு என்றால் பை முறுக்கியிருக்கும், நீளம் மிஞ்சி அடியில் மடிந்திருக்கும், அல்லது அளவு பெரிதாகி உரசும். மூன்றுக்கும் பதில் மேலே இருக்கிறது. லீவரைத் தூக்கும்போது நிப்பிலிருந்து குமிழியே வரவில்லை என்றால் கட்டையின் மை வழி அடைத்திருக்கிறது. பாத்திர சோப்பு ஒரு துளி கலந்த பச்சைத்தண்ணீரில் நிப்பை வைத்து, லீவரால் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள், தெளிந்த தண்ணீர் வரும்வரை.

கழுத்தும் உடம்பும் சேரற இடத்துல கசியுது. அங்க கொஞ்சம் தேங்காய் எண்ணெய், வேசலின் தடவவா?

வேண்டாம். எண்ணெயும் வேசலினும் ரப்பரை இளக்கிக் கெடுக்கும், புது பை சில மாதத்தில் கூழாகிவிடும். லீவர் பேனாவில் அந்த இடத்தில் மை வருகிறதென்றால் பையிலிருந்தே கசிந்து உடம்புக்குள் தேங்கியிருக்கிறது என்று பொருள். திறந்து பாருங்கள்.

பட்டன் பேனாவும் இதே மாதிரிதானா?

பை மாற்றும் வேலை அதே. 1921இல் வந்த பார்க்கர் டுவோஃபோல்டு இதற்குப் பெயர்போன உதாரணம். ஒரே வித்தியாசம் வரிசையில்: முதலில் வால்பக்கப் பொத்தானைப் பிடுங்கிவிட வேண்டும், கடைசியாகத்தான் அதை மாட்ட வேண்டும். பொத்தான் இருக்கும்வரை பட்டை இறுக்கத்தில் நிற்கும், கழுத்தை இழுக்கும்போது சிக்கும்.

பார்க்கர் 51 இருக்கு. அதையும் திறந்துடலாமா?

உடம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே உலோக உறையும் அழுத்தும் பட்டையும் இருந்தால் 1948இல் வந்த ஏரோமெட்ரிக் வகை. திறக்காதீர்கள். அதன் பை சாதாரண ரப்பர் இல்லை, பிவிசி. எழுபது வருடம் ஆகியும் நன்றாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். காய்ந்த மைதான் தொல்லை. தண்ணீரில் நிப்பை வைத்துப் பட்டையை அழுத்தி அழுத்தி விடுங்கள், சில நாட்கள் தொடர்ந்து செய்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

1941இல் முதலில் வந்த 51களில் இருந்தது வாக்குமேட்டிக். அது அடுத்த கேள்வி.

வாக்குமேட்டிக்கை வீட்டில பண்ண முடியாதா?

முதல் பேனாவாக வேண்டாம். 1933இல் பார்க்கர் கொண்டுவந்த இந்த அமைப்பில் பை கிடையாது, உடம்பு முழுவதும் மைக்கூடு. வாலில் ஒரு ரப்பர்ச் சவ்வு முன்னும் பின்னும் புரண்டு மையை இழுக்கும். சவ்வை மாற்ற, வாலில் திருகி இறுக்கிய மெல்லிய வளையத்தைக் கழற்ற வேண்டும். அதன் திருகுமுகத்தை நசுக்காமல் பிடிக்கத் தனிக் கருவி தேவை. புதுச் சவ்வின் குமிழை உலக்கைத் தண்டின் நுனிக் குழியில் சரியாக உட்கார வைப்பதும் பழக்கத்தில் வரும் கைவேலை. பத்து லீவர் பேனா செய்தபின் கருவி வாங்கிப் பழகுங்கள், அல்லது தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிஸ்டன் இறுகிப்போச்சு, திருகவே முடியலை.

பலம் வேண்டாம், லீவருக்குச் சொன்னதேதான். நிப்புப் பக்கமாகத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால் காய்ந்த மை இளகும். அசைய ஆரம்பித்ததும், நிப்பு திருகிக் கழலும் வகையாக இருந்தால் அதைக் கழற்றி, பல்குச்சி நுனியில் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் எடுத்து உட்சுவரில் தடவித் திருகுங்கள். 1929இல் பெலிக்கான் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகையின் ஆரம்பகாலப் பேனாக்களில் அடைப்பு தக்கையால் ஆனது. அது காய்ந்து சுருங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், வீட்டு வேலை அல்ல.

ராஜமுந்திரிப் பேனா ஒண்ணு, ஃபில்லர்ல மை ஊத்தறது. சட்டைப் பையெல்லாம் மை.

திருகில் கசிகிறதா, நிப்பில் கொட்டுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். திருகில் என்றால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பூச்சு, தீர்ந்தது. நிப்பில் கொட்டினால் பேனாவில் பழுதே இல்லை: மை பாதிக்குக் கீழ் இறங்கியதும் உள்ளே காற்று அதிகமாகிறது, கை அல்லது மார்புச் சூட்டில் அது விரிந்து மையைத் தள்ளுகிறது. பாதி ஆனதும் நிரப்பிக்கொள்வதே வழி.

சிலிக்கான் பை நல்லதா, ரப்பர் பை நல்லதா?

ரப்பர் பையிலிருந்து மெல்ல வெளியேறும் கந்தகம் வெளிர் நிறச் செல்லுலாய்டைப் பழுப்பாக்கும். அதனால் தந்த நிறம், முத்து நிறம் போன்ற பேனாக்களுக்குச் சிலர் சிலிக்கானை விரும்புகிறார்கள். ஆனால் சிலிக்கானில் ஷெல்லாக் சரியாகப் பிடிக்காது, மையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அடர்நிறப் பேனாவுக்கு ரப்பரே என் தேர்வு.

எந்த மை போடலாம்?

பேனாவுக்கென்றே விற்கும் சாதாரண மை எதுவும். ப்ரில், கேமல், க்விங்க் எல்லாம் சரி. படம் வரையும் இந்தியன் இங்க் மட்டும் கூடவே கூடாது. அதில் கரித்தூளும் பெரும்பாலும் ஷெல்லாக்கும் இருக்கிறது, கட்டைக்குள் காய்ந்தால் வெளியே வராது.

மறுபடி எப்ப மாத்தணும்?

தவறாமல் எழுதி, மாதம் ஒருமுறை தண்ணீரால் கழுவினால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. மையோடு அப்படியே அலமாரியில் தூங்க விட்டால் சீக்கிரம் போகும். நான் ஒவ்வொரு பேனாவின் பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கொடுப்பேன்: பை நம்பர், வெட்டிய நீளம், பை ஒட்டியது ஷெல்லாக்கில், கழுத்துக்குப் பசை இல்லை, தேதி.